கிராம் கணக்கும் கிலோமீட்டர் கணக்கும்

சென்னை, கோவை போன்ற நகரங்களில் உயர்ரக சைக்கிள் விற்கும் கடைக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒன்றைத்தான் செய்வார்கள். கண்ணுக்குப் பிடித்த வண்டியின் பாரைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள். லேசாக வந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். "எட்டு கிலோகூட இல்லை சார்" என்று கடைக்காரரும் எடுத்துக்கொடுப்பார். பிறகு பேச்சு ஃபிரேம் கார்பனா அலுமினியமா, கியர் எத்தனை, எந்தக் கம்பெனி என்று போகும். எவ்வளவு அகலமான டயர் போட இந்த வண்டியில் இடமிருக்கிறது, ஏறி உட்கார்ந்தால் கை எங்கே போய் நிற்கிறது என்ற இரண்டு கேள்விகளும் எழாமலே பில் போட்டு முடிந்துவிடுவதும் உண்டு.

காலையில் ஒரு மணி நேரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிவிட்டு, வழியில் இட்லி சாப்பிட்டு வீடு திரும்புகிறவருக்கு இதனால் பெரிய நஷ்டம் எதுவும் வராது. ஒரே நாளில் 200 கிலோமீட்டர், 300 கிலோமீட்டர் போக நினைப்பவரின் கதை வேறு. செருப்பு வாங்குகிறவர் யாரும் அதைத் தராசில் வைத்துப் பார்த்து வாங்குவதில்லை. போட்டு நடந்து பார்த்துத்தான் வாங்குகிறார். லட்சக்கணக்கில் விலை போகும் சைக்கிளில் மட்டும் எடை முதலிடம் பிடித்திருக்கிறது. உடம்பு நோகாத வண்டி மெதுவாகத்தான் போகும், வேகம் வேண்டுமானால் வலியைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்ற நம்பிக்கை இதற்கு அடியில் கிடக்கிறது. நெடுந்தூரத்தில் அந்த நம்பிக்கை செல்லாது. அங்கே உடம்புக்கு இசைந்த வண்டிதான் வேகமான வண்டி.

கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். இந்தியா உட்படப் பல நாடுகளில் பி.ஆர்.எம். எனப்படும் நெடுந்தூர சைக்கிள் பயணங்கள் நடக்கின்றன. பிரான்சின் ஆடாக்ஸ் க்ளப் பாரிசியன் வகுத்த விதிகள்தான் எங்கும். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், 300-க்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40. யாருக்கும் முதல் பரிசு கிடையாது. நேரத்துக்குள் வந்தவர் எல்லாரும் தேறியவர்களே. 600 கிலோமீட்டரை 40-ஆல் வகுத்தால் மணிக்கு 15 கிலோமீட்டர் வருகிறது. பழகிய எவருக்கும் சமதரையில் 25 கிலோமீட்டர் வேகம் கைக்கெட்டாதது அல்ல. அந்த வேகத்தில் இடைவிடாமல் ஓட்டினால் 24 மணி நேரத்தில் தூரம் முடிந்துவிடும். மீதி 16 மணி நேரம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் பஞ்சருக்கும் இருக்கிறது.

ஆனாலும் பலர் நேரத்தைத் தவறவிடுகிறார்கள், பாதியில் பஸ் ஏறுகிறார்கள். கால் ஓய்ந்து நின்றவர்களைவிட, கழுத்தும் விரல்களும் இடுப்பும் உட்காருமிடமும் ஒத்துழைக்க மறுத்து நின்றவர்களே அதிகம் என்பதை இந்தப் பயணங்களில் பழகிய எவரும் ஒப்புக்கொள்வார். இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி முதுகை நிமிர்த்திக்கொள்பவர், ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டால் 600 கிலோமீட்டரில் இரண்டரை மணி நேரம் போய்விடும். எந்த கார்பன் ஃபிரேமும் அதைத் திருப்பித் தராது.

இந்தப் பயணங்களுக்கெல்லாம் மூத்தது பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் ஓட்டம். 1891-இல் ஒரு பாரிஸ் நாளிதழ் அதைப் பந்தயமாகத்தான் தொடங்கியது. இன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, 90 மணி நேரக் கெடுவுடன், பந்தயமல்லாத பயணமாக நடக்கிறது. முதல் பந்தயத்தில் வென்ற ஷார்ல் தெரோன் 71 மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டார். அவர் வண்டியில் இருந்தது அப்போது புத்தம் புதிதான, கழற்றி மாட்டக்கூடிய மிஷலின் காற்று டயர். இரண்டாவதாக வந்த ஷீல் லாவால் ஓட்டியதும் காற்று டயரில்தான், அது டன்லப். இருவருக்கும் மூன்றாண்டுக்கு முன்பு, 1888-இல், பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தெருவில் குலுங்குகிறதே என்று ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றிப் பார்த்தார். பிள்ளைக்கு அலுங்காமல் இருக்கட்டும் என்று செய்த வேலை அது. சில ஆண்டுகளிலேயே பந்தயங்களில் கட்டி ரப்பர் டயருக்கு இடமில்லாமல் போயிற்று. சைக்கிள் வரலாற்றின் மிகப் பெரிய வேக முன்னேற்றம் வசதிக்காகச் செய்ததன் பக்க விளைவு.

இந்தப் பாடத்தை சைக்கிள் உலகமே இடையில் பல பத்தாண்டுகள் மறந்திருந்தது. பந்தய வண்டி என்றால் விரலளவு ஒல்லியான டயர், அதில் கல்லு மாதிரி காற்று என்பதே வேதமாக இருந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தொழில்முறை வீரர்கள் 23 மில்லிமீட்டர் டயரில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்றடித்து ஓட்டினார்கள். நம் ஊரில் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, அமுங்கினால் "காத்து பத்தலை" என்று சொல்லும் பழக்கம் இதற்கு ஒத்து ஊதியது. வழவழப்பான இரும்பு உருளையில் சோதித்தால் அழுத்தம் கூடக்கூட டயர் எளிதாக உருள்வது உண்மைதான். சாலை இரும்பு உருளை அல்ல என்பதுதான் சிக்கல். தாரிலுள்ள ஜல்லியின் ஒவ்வொரு முனையும் கெட்டியான டயரைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. வண்டியோடு சேர்ந்து ஓட்டுபவரின் உடம்பும் ஏறி இறங்குகிறது. தசையும் கொழுப்பும் அந்த அதிர்வை உறிஞ்சிச் சூடாக மாற்றிவிடுகின்றன. அந்தச் சூட்டுக்கான சக்தி வேறெங்கிருந்தும் வருவதில்லை, பெடலை மிதிக்கும் காலிலிருந்துதான் போகிறது. அதிரும் வண்டி வேகமாகப் போவது போன்ற பிரமையைத் தரும். உண்மையில் அது சக்தியைச் சிந்திக்கொண்டே போகிறது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பைசிக்கிள் குவார்ட்டர்லி என்ற இதழை நடத்தும் யான் ஹைனே இதை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, உண்மையான சாலைகளில் அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர். நெடுஞ்சாலை ஓரத்தில் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுபவரை எழுப்பப் போடும் வரிப் பள்ளங்களின்மீதுகூட வண்டியை ஓட்டி, அதிர்வு எவ்வளவு சக்தியைத் தின்கிறது என்று பார்த்தார். அகலமான, பக்கச் சுவர் இளக்கமான டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினால் வேகம் குறைவதில்லை என்ற அவருடைய வாதத்தை ஆரம்பத்தில் பந்தய உலகம் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் மெல்ல மெல்ல 25 மில்லிமீட்டர் வந்தது, 28 வந்தது. 2024-இல் பாரிஸ்–ரூபே பந்தயத்தில், 55 கிலோமீட்டருக்கு மேல் கருங்கல் பாவிய பாதைகளைக் கடந்து, மேத்தியூ வான் டெர் பூல் மணிக்கு 47.8 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் வென்றார். 1896-இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தில் அதுவரை எவரும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. இப்போது அங்கே வீரர்கள் போடுவது 30 மில்லிமீட்டரும் அதற்கு மேலுமான டயர்கள்.

எனவே நெடுந்தூர வண்டி வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை மில்லிமீட்டர் டயர் இதில் போகும் என்பது. 28 போதும் என்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டுச் சாலைகளுக்கு 32 போடத் தோதான வண்டியே சரி. 35 போகுமென்றால் இன்னும் நல்லது. காற்றழுத்தத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஓட்டுபவர் உட்கார்ந்த நிலையில் டயரின் உயரம் சுமார் 15 சதவீதம் அமுங்கினால் அளவு சரி என்று ஃபிராங்க் பெர்டோ என்ற அமெரிக்கப் பொறியாளர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மில்லிமீட்டர் டயரில் 75 பி.எஸ்.ஐ. அளவுக்கும், 32-இல் 60 அளவுக்கும் வைத்துத் தொடங்கி, தனக்குத் தோதானதைக் கூட்டிக் குறைத்துக் கண்டுகொள்ளலாம். இதற்கு வேண்டியது அளவுமானி உள்ள ஒரு கைப்பம்பு மட்டுமே. சைக்கிளில் இதைவிடக் குறைந்த செலவில் இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் கிடையாது.

பிறகு ஏன் கடைகளில் எடைப் பேச்சே ஓங்கி நிற்கிறது? சைக்கிளின் வடிவத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பந்தயம். பந்தயத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது அதன் விதிகள். 1933 ஜூலையில் பாரிஸில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர் ஷார்ல் மோஷே வடிவமைத்த சாய்ந்து படுத்தபடி ஓட்டும் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, ஆஸ்கார் எக்கின் 19 ஆண்டு காலச் சாதனையை உடைத்தார். ஃபோர் முன்னணி வீரர்கூட அல்ல. அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் அப்படிப்பட்ட வண்டி சைக்கிளே அல்ல என்று விலக்கிவிட்டது. முதுகும் கழுத்தும் நோகாத, காற்றைக் கிழித்துப் போகும் ஒரு வடிவம் அதோடு ஓரங்கட்டப்பட்டது. நமது நெடுஞ்சாலையில் பஸ் சக்கர உயரத்துக்கும் கீழே படுத்துக்கொண்டு போக எத்தனை பேருக்குத் துணிவு வரும் என்பது வேறு விஷயம். கியர் மாற்றும் டெரெய்லியரும் இப்படித்தான்: சாதாரணப் பயணிகள் பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு, 1937-இல்தான் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் அதை அனுமதித்தார்கள். இன்று பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அந்த 6.8-ஐ எட்டிப் பிடிப்பதே பெருமையாகிவிட்டதால், அந்தப் பெருமை கடை அலமாரி வரை வந்து இறங்கியிருக்கிறது.

எடை குறைந்தால் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையை நினைத்துக்கொள்ளலாம். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோவைத் தூக்க 9,800 ஜூல் சக்தி வேண்டும். 150 வாட் சக்தியில் மிதிக்கும் ஒருவருக்கு அது 65 விநாடி வேலை. ஒரு கிலோ குறைந்த வண்டிக்காகப் பல பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தவர், ஆயிரம் மீட்டர் மலை ஏறி முடிக்கையில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் சம்பாதித்திருப்பார். மேலே போனதும் டீ ஆற்றும் நேரம்கூட இல்லை. சமதரையிலோ அந்த ஒரு கிலோவை உணரக்கூட முடியாது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு சக்தி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது.

அதே மலையில் கியர் செய்யும் வேலை எடையைவிடப் பன்மடங்கு. பழைய பந்தய வண்டிகளில் முன்பக்கம் 39 பல், பின்பக்கம் 25 பல் என்பதுதான் ஆகக் குறைந்த கியர். அதில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 3.3 மீட்டர் முன்னே போகும். நிமிடத்துக்கு 70 முறை மிதிக்க வேண்டுமானால் மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் ஏறியாக வேண்டும். 7 சதவீத ஏற்றத்தில் வண்டியும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்றால் அதற்கு 220 வாட்டுக்கு மேல் தேவை. அது பயிற்சி பெற்ற வீரருக்குரிய சக்தி. முன்னே 34, பின்னே 34 என்று இன்றைய நெடுந்தூர வண்டிகளில் கிடைக்கும் கியரில் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர்தான். அதே 70 மிதிக்கு மணிக்கு 9 கிலோமீட்டர் போனால் போதும். 150 வாட்டில் காரியம் முடியும். மூட்டும் பிழைக்கும். ஆகவே "எத்தனை கியர்" என்று கேட்பதைக் காட்டிலும் "ஆகச் சின்ன கியரில் முன்னே எத்தனை பல், பின்னே எத்தனை பல்" என்று கேட்பவரே விவரமானவர். முன்னே உள்ளதும் பின்னே உள்ளதும் சமமாக இருந்தால் பெரும்பாலான மலைகளுக்குத் தாங்கும்.

அடுத்தது உட்காரும் நிலை. கடைகளில் ரோடு பைக் என்று அழைக்கப்படும் வளைந்த ஹேண்டில்பார் வண்டிகளில் இரண்டு குலம் உண்டு. பந்தய வகையில் ஹேண்டில்பார் தாழ்ந்தும் தள்ளியும் இருக்கும். எண்டியூரன்ஸ் எனப்படும் நெடுந்தூர வகையில் அது சில சென்டிமீட்டர் உயர்ந்தும், கிட்டே வந்தும் இருக்கும். சக்கரங்களுக்கு இடையிலான தூரம் சற்றுக் கூடியிருப்பதால் வண்டி அலைபாயாது. இந்தச் சில சென்டிமீட்டர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு வியாதியின் பெயரே சாட்சி. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா பந்தயத்தில் 1983-இல் மைக்கேல் ஷெர்மர் என்ற வீரருக்குக் கழுத்துத் தசைகள் செயலிழந்து, தலையைத் தூக்கிச் சாலையைப் பார்க்க முடியாமல் போயிற்று. அன்று முதல் அந்த நிலைக்கு "ஷெர்மர்ஸ் நெக்" என்றே பெயர். குனிந்த முதுகோடு நாள் கணக்கில் தலையை நிமிர்த்தி வைத்திருப்பதன் விளைவு அது. 200 கிலோமீட்டர் போகிறவருக்கு அவ்வளவு தூரம் முற்றாது என்றாலும், மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போய் மறுநாள் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது அதே குடும்பத்துத் தொல்லைதான். உடம்பின் பாரம் அளவுக்கு மேல் உள்ளங்கையில் இறங்கி நரம்பை நசுக்குவதால் வருவது.

அதற்காக நிமிர்ந்து உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் ஏமாற்றம்தான். நெஞ்சை நிமிர்த்தி ஓட்டும் வண்டி கடைத்தெருவுக்குச் சுகம். ஐம்பது கிலோமீட்டர் தாண்டினால் முழுப் பாரமும் சீட்டில் இறங்கி, ஒவ்வொரு பள்ளமும் நேரே முதுகுத் தண்டில் ஏறும். எதிர்க்காற்று அடித்தால் நெஞ்சே பாய்மரமாகிவிடும். கை, கால், சீட்டு என்று மூன்று இடத்திலும் பாரம் பிரிந்து, முழங்கை லேசாக மடங்கி இருக்கும் நிலைதான் நெடுந்தூரத்துக்கு ஏற்றது. வளைந்த ஹேண்டில்பாரின் பெருமையும் இங்கேதான்: மேலே, பிரேக் மூடிமேல், கீழ் வளைவில் என்று மூன்று நான்கு இடங்களில் கையை மாற்றி மாற்றி வைக்கலாம். நேரான ஹேண்டில்பாரில் கைக்கு ஒரே இடம்தான் உண்டு.

வண்டி வகை சரியாக இருந்தாலும் அளவு தவறினால் எல்லாம் வீண். பெரும்பாலான கடைகளில் உயரத்தை மட்டும் கேட்பார்கள். ஒரே உயரமுள்ள இருவருக்குக் கால் நீளமும் முண்டத்தின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கையிருப்பில் சிறிய அளவு இல்லையென்றால், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றி, பெரிய அளவையே தலையில் கட்டிவிடும் பழக்கமும் சந்தையில் இருக்கிறது. உயரம் குறைந்தவர்களும் பெண்களும்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். சரியான அளவு வர இரண்டு மாதம் ஆகுமென்றால் காத்திருப்பதே லாபம். வண்டிக்கு லட்ச ரூபாய் ஒதுக்குகிறவர், உடம்பை அளந்து வண்டியைப் பொருத்தித் தரும் நிபுணருக்குச் சில ஆயிரம் ஒதுக்கத் தயங்கக் கூடாது. கடைக்காரர்களும் வாசலில் ஐந்து நிமிடம் ஓட்டக் கொடுப்பதோடு நிறுத்தாமல், முன்பணம் வாங்கிக்கொண்டாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டியைக் கொடுத்துவிடலாம். சைக்கிளின் குணம் மூன்றாவது மணி நேரத்துக்குப் பிறகுதான் வெளியே வரும்.

சீட்டைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. மெத்தென்று அமுங்கும் ஜெல் சீட்டுதான் சுகம் என்று நினைத்து மாற்றுகிறவர்கள் ஏராளம். உட்காரும்போது பாரத்தைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் இரண்டு அடிமுனைகள். மெத்தை அமுங்கினால் அந்த முனைகள் உள்ளே புதைந்து, நடுவிலுள்ள மென்மையான பகுதி மேலெழும்பி நசுங்கும். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தில் செய்யப்படும் ப்ரூக்ஸ் தோல் சீட்டு தொட்டால் பலகை போலிருக்கும். அதில் உலகைச் சுற்றியவர்கள் உண்டு. தனக்குரிய அகலம் தெரிந்து, சற்றுக் கெட்டியான சீட்டைப் பழக்கிக்கொள்வதே நல்லது.

அதிர்வை அடக்க ஃபிரேமுக்குள்ளேயே கருவி வைத்த வண்டிகளும் வந்திருக்கின்றன. டிரெக் கம்பெனி 2012-இல் கொண்டுவந்த டொமானில் சீட்டைத் தாங்கும் குழாய் மேல் பாரோடு இறுகப் பற்றாமல் ஒரு கீலில் அசையும். அதை ஓட்டி ஃபேபியன் கன்செல்லாரா 2013-இல் ஃபிளாண்டர்ஸ், ரூபே பந்தயங்கள் இரண்டையும் வென்றார். ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ரூபே மாடலில் ஹேண்டில்பாருக்குக் கீழே ஸ்பிரிங் இருக்கிறது. இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் டயர் அகலமானதும் பந்தய வீரர்களில் பலர் இந்தக் கருவிகளை விட்டுவிட்டு, காற்றைக் கிழிக்கும் சாதாரணப் பந்தய வண்டியிலேயே ரூபேக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். வான் டெர் பூல் 2024-இல் ஓட்டியது கேன்யான் ஏரோட் என்ற அப்படிப்பட்ட வண்டி. தோள்பட்டையிலோ மணிக்கட்டிலோ ஏற்கனவே பிரச்சினை உள்ளவருக்கு ஸ்பிரிங் வைத்த வண்டி வரம்தான். மற்றவர்கள் அந்தக் காசில் நல்ல டயர் இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளலாம். கார்பனா அலுமினியமா இரும்பா என்ற சண்டையும் இதே ரகம். எந்தப் பொருளால் செய்த ஃபிரேமைக் காட்டிலும் டயரும் சீட்டைத் தாங்கும் கம்பியும்தான் அதிகம் வளைந்துகொடுக்கின்றன.

தமிழ்நாட்டில் ஓட்டுவதற்கென்று சில தனித் தேவைகள் உண்டு. வெள்ளைக்கோட்டுக்கு வெளியேயுள்ள சாலையோரத்தில் லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பிகள் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கம்பிதான் நெடுஞ்சாலைப் பஞ்சர்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். டியூப்லெஸ் டயரில் ஊற்றும் பால் போன்ற திரவம் சின்ன ஓட்டைகளைத் தானே அடைத்துவிடும். ஆனால் வெயிலில் சீக்கிரம் காய்ந்துபோகும் என்பதால் சில மாதத்துக்கு ஒருமுறை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அக்கறை இல்லாதவருக்கு டியூபும் பஞ்சர் தாங்கும் பட்டை வைத்த டயருமே மேல். நகரம் தாண்டினால் எலெக்ட்ரானிக் கியர் பழுது பார்க்க ஆள் கிடைப்பது அரிது. கம்பி இழுக்கும் கியர் என்றால் ஊர்க் கடையிலேயே ஏதாவது செய்து வீடு வந்து சேரலாம். தண்ணீர் பாட்டில் மாட்ட இரண்டு இடமாவது வேண்டும், மூன்று இருந்தால் சித்திரை வெயிலுக்குக் கவலையில்லை. ஐப்பசி மழையில் பின்சக்கரம் வாரியடிக்கும் சேற்றைத் தடுக்க மட்கார்டு வேண்டும். அதை மாட்ட ஃபிரேமில் திருகு ஓட்டை இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். பல பந்தய வண்டிகளில் இருக்காது.

விளக்கும் அப்படித்தான். பி.ஆர்.எம். பயணத்தில் இருட்டில் முன்னும் பின்னும் விளக்கில்லாமல் ஓட்ட அனுமதி இல்லை. இரவு முழுக்க ஓட்டுபவர்கள் பேட்டரிகளைச் சுமந்து திரிகிறார்கள், அல்லது முன்சக்கர அச்சிலேயே மின்சாரம் எடுக்கும் டைனமோவுக்கு மாறுகிறார்கள். டயரில் உரசிக்கொண்டு சுற்றிய பழைய பாட்டில் டைனமோவை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பொன்றுமில்லை. யோசித்துப் பார்த்தால், 1949-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ் முதலான பழைய கறுப்பு வண்டிகளில், இன்று நெடுந்தூர ஓட்டுநர் தேடும் பாதிச் சமாச்சாரம் இருந்தது: ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகல டயர், நீண்ட அடிப்பாகம், மட்கார்டு, கேரியர், செயின் மூடி. இல்லாமற்போனவை கியரும் நல்ல பிரேக்கும் இளக்கமான டயரும். நெல் மூட்டை ஏற்றக் கட்டியதால் எடை தேவைக்கு மேல் இருந்தது. அந்த வண்டியைத் தேடிப்போக வேண்டியதில்லை. அதைக் கட்டியவர்கள் ஓட்டுபவரின் அன்றாடத்திலிருந்து தொடங்கினார்கள் என்பதைக் கவனித்தால் போதும்.

நெடுந்தூர வகையை வயதானவர்களுக்கும் வேகமில்லாதவர்களுக்குமான வண்டி என்று இளக்காரமாகப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அமெரிக்காவின் லேயல் வில்காக்ஸ் ஒருவரே போதும். 2016-இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் டிரான்ஸ் ஆம் பந்தயத்தில் ஆண்கள் உட்பட அனைவரையும் முந்தி முதலில் வந்தவர் அவர். 2024-இல் 29,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி 108 நாளில் உலகைச் சுற்றி, பெண்களுக்கான சாதனையைப் படைத்தார். நாளொன்றுக்குச் சுமார் 270 கிலோமீட்டர், மூன்றரை மாதம் தொடர்ந்து.

அத்தனை பேரும் புது வண்டி வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. டிஸ்க் பிரேக் பரவிய பிறகு பழைய வண்டிகள் மலிவாக விலைக்கு வருகின்றன. அதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய பந்தய வண்டிகள் பலவற்றில் 25 மில்லிமீட்டருக்கு மேல் டயர் போட இடமில்லை. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கின் கவ்வியே தடுத்துவிடும். எனவே விலை பேசும் முன் ஒரு ஸ்கேலை எடுத்து, முன் ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் டயருக்கும் நடுவிலும், பின்னால் பெடல் அச்சுக்குப் பக்கத்தில் குழாய்களுக்கும் டயருக்கும் நடுவிலும் எவ்வளவு இடைவெளி என்று அளந்துகொள்ள வேண்டும். 32 டயர் போட்ட பிறகும் இரு பக்கமும் நான்கு மில்லிமீட்டராவது மிஞ்சினால் விலை பேசலாம். மிஞ்சாவிட்டால், எவ்வளவு லேசாக இருந்தாலும் அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.